ஒரு கைப்பிடிப் புண்ணாக்கு

சனிக்கிழமை விடிந்தால் அப்புச்சி வீட்டில் முதலில் எழுப்புவது நல்லெண்ணெய் வாசனைதான். இரும்புக் கரண்டியில் எண்ணெயைக் காயவைத்து நாலு மிளகும் ஒரு சிட்டிகைச் சீரகமும் அம்மிச்சி போடுவாள். மிளகு பொரிகிற சத்தம் கேட்டதும் நான் கட்டுத்தரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். அவளும் சலிக்காமல் தேடிவந்து, "அசையாத உக்காரு சாமி, கண்ணுல பட்டுரும்" என்று மணைப்பலகையில் உட்காரவைத்து, உச்சந்தலையில் எண்ணெயை வைத்து அறைவாள். பிறகு அரப்பு, வெந்நீர், மிளகு ரசம். பகலில் தூங்கக்கூடாது என்ற காவல் வேறு. அந்த உள்ளங்கையின் சூட்டிலிருந்து தப்பித்து ஓடிய பையனை இன்று பிடித்து நிறுத்தி, போய் உட்காரடா என்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

அந்த எண்ணெய் எங்கள் காட்டு எள்ளிலிருந்து வந்தது. எள்ளை அறுப்பதில் நாள் தப்பக்கூடாது. அடிக்காய்கள் மஞ்சள் பூத்ததும் அறுத்துக் கட்டிப் போர் போட்டுவிட வேண்டும். விட்டால் காய் தானே வெடித்து மணியை மண்ணில் சிந்திவிடும். "இன்னும் ரெண்டு நாள் விட்டா காடே எடுத்துக்கும்" என்பார் அப்புச்சி. வெயிலில் காய்ந்த கட்டுகளைத் தலைகீழாகப் பிடித்துத் துப்பட்டியின்மேல் தட்டும்போது சலசலவென்று கொட்டும் அந்தச் சத்தத்தை, அதன்பிறகு ஆடி மழை ஓட்டின்மேல் விழும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

மூட்டையை வண்டியில் ஏற்றிச் செக்கடிக்குப் போவோம். கல் உரலில் மர உலக்கை சாய்ந்து சுழல, கண்ணைக் கட்டிய மாடு நாளெல்லாம் சுற்றும். எள்ளு அரைபடத் தொடங்கியதும் செக்காட்டுகிறவர் கருப்பட்டியை உடைத்துப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார். புண்ணாக்கு இறுகி ஒட்டினால்தான் எண்ணெய் பிரியும் என்பார். சற்று நேரத்தில் உரலின் ஓரத்தில் சக்கை ஏறி ஒட்டிக்கொள்ள, நடுக்குழியில் எண்ணெய் ஊறிவரும். கூடப்போன பிள்ளைகளுக்கு அவர் கம்பியால் சக்கையைச் சுரண்டி ஆளுக்கொரு கைப்பிடி கொடுப்பார். சூடாக, எண்ணெய் கசிந்து, கருப்பட்டி இனிப்பும் எள்ளின் லேசான கசப்பும் கலந்து, கடைவாயில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் புண்ணாக்குக்கு நிகரான தின்பண்டத்தை நான் இன்றுவரை தின்றதில்லை. மீதி மாட்டுக்குப் போகும். உங்களில் எத்தனை பேர் மாட்டோடு பங்கு போட்டுத் தின்றிருக்கிறீர்களோ, அவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

பட்டணத்தில் குடித்தனம் வைத்தபிறகு, எண்பதுகளின் கடைசியில், வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய்தான் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அம்மிச்சி தூக்குவாளியில் கொடுத்தனுப்பிய எண்ணெயை விளக்குக்கு ஊற்றித் தீர்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சை அறுக்கிறது. எள்ளின் நெய்தான் எண்ணெய். கடலையும் தேங்காயும் சூரியகாந்தியும் அதனிடம் பெயரைக் கடன் வாங்கியவை. பெயருக்கு உரிய எண்ணெயை நாம் அடுப்படியைவிட்டு அனுப்பினோம்.

இப்போது அது திரும்பி வந்திருக்கிறது. மனைவிக்கு எலும்பு தேய்மானம் என்றதும் மருத்துவர் எள்ளுருண்டை சாப்பிடச் சொன்னார். தோல் நீக்காத எள்ளு 100 கிராமில் ஏறக்குறைய 975 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தோலில் உள்ள ஆக்சலேட் அதில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாது என்பதையும் அவரே சொன்னார். அம்மிச்சியின் மாங்காய் ஊறுகாய் வருஷம் முழுக்கச் சிக்கு வாடை அடிக்காமல் இருந்ததற்கு, எண்ணெயைக் கெடவிடாமல் காக்கும் செசமோலின் போன்ற பொருள்கள் எள்ளில் இருப்பதும் ஒரு காரணம் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். சிலருக்கு எள்ளு ஒத்துக்கொள்ளாது என்பதும் உண்மைதான். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் அதை ஒவ்வாமைப் பொருளாக உறைமேல் அச்சிட்டே ஆகவேண்டும். உயிர் காக்கும் காரியம், சரியான காரியம்.

போன மாதம் எங்கள் தெருமுனையிலேயே ஒரு மரச்செக்குக் கடை திறந்தார்கள். மாடு இல்லை, மோட்டார் சுற்றுகிறது. வாசனை மட்டும் அதேதான். கடைக்கு நாலு வீடு முன்னாலேயே கால் நின்றுவிட்டது. ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் புண்ணாக்கு கிடைக்குமா என்று கேட்டேன்.

"மாட்டுக்குங்களா? எத்தனை கிலோ வேணுங்க?" என்றான் கடைக்காரப் பையன்.

"ஒரு கைப்பிடி போதும் கண்ணு."

என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் உரலோரத்தில் சுரண்டிக் காகிதத்தில் வைத்து நீட்டினான். காசு வாங்கவில்லை. இனிப்பு கொஞ்சம் குறைவு, கருப்பட்டிக்குப் பதில் வெல்லம் போட்டிருக்க வேண்டும். வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தேன்.