தசமபாகத்தில் ஓடும் பல்கலைக்கழகம்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த இதழ்ப் பக்கம் முழுக்க அவற்றுக்கே.

கே (பாளையங்கோட்டை): சபை நடத்தும் கல்லூரி நமக்குப் புதிதா என்ன? இதில் மட்டும் என்ன விசேஷம்?

ப: ஹார்வர்டும் யேலும்கூட போதகர்களைத் தயார் செய்யப் பிறந்தவைதான். இன்று அங்கே சபை வைத்தது சட்டமில்லை. புரோவோவில் கதை வேறு. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை (மார்மன் சபை என்றால் பலருக்கும் தெரியும்) 150 ஆண்டாகப் பிடியை விடவில்லை, இறுக்கியே வந்திருக்கிறது. சபையின் தலைவரே அறங்காவலர் குழுவின் தலைவர். சுமார் 35,000 பேர் படிக்கும் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு நேரடி ஆட்சி அபூர்வம்.

கே (திண்டுக்கல்): பிரிகம் யங் என்பவர் பேராசிரியரா?

ப: இல்லை. சபையின் இரண்டாவது தலைவர். துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த மார்மன்களைப் பாலைநிலம் தாண்டி யூட்டாவில் குடியேற்றியவர். 1875 அக்டோபர் 16 அன்று புரோவோவில் இருந்த தன் சொத்தை 7 அறங்காவலர் பெயருக்கு எழுதிவைத்து ஓர் அகாதெமியைத் தொடங்கினார். பைபிளோடு மார்மன் புஸ்தகமும் பாடமாக இருக்கவேண்டும் என்பது பத்திரத்திலேயே உண்டு. அந்த எழுவரில் ஒருவர் பெண்: மார்த்தா ஜேன் கோரே. அமெரிக்கப் பெண்கள் நாடு முழுக்க ஓட்டுரிமை பெற்றது 1920இல்தான் என்பதை நினைத்துப்பார்த்தால் அந்த ஒரு பெயரின் கனம் தெரியும்.

கே (கும்பகோணம்): தொடக்க காலத்தில் பணத்துக்கு என்ன செய்தார்கள்?

ப: திண்டாடினார்கள். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தக் காலத்து மனிதர்கள் இருவர் என் மனதில் நிற்கிறார்கள்.

ஒருவர் கார்ல் மேசர். ஜெர்மனியின் சாக்சனியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். மார்மன் மார்க்கத்தில் சேர்ந்து கடல் கடந்து வந்தவர். 1876இல் அகாதெமியின் பொறுப்பை ஏற்றார். அரிச்சுவடியும் வாய்ப்பாடும் சொல்லிக்கொடுப்பதானாலும் இறைவனின் ஆவியின்றிச் செய்யாதே என்பதுதான் யங் அவருக்குத் தந்த ஒரே அறிவுரையாம். அடுத்த ஆண்டே யங் இறந்துபோனார். 1884 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பள்ளி நடந்த லூயிஸ் கட்டடம் எரிந்து சாம்பலானது. மேசர் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவில்லை. உடனே ஊரில் கிடைத்த இடங்களில் வகுப்பைத் தொடர்ந்தார். பிறகு சபையின் கூட்டுறவுக் கடையின் கிடங்கில் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். சொந்தக் கட்டடம் 1892இல்தான். அந்தக் கட்டடம் இன்று புரோவோவின் நகர நூலகம்.

இன்னொருவர் ஆபிரகாம் ஸ்மூட், அறங்காவலர் குழுவின் தலைவர். அகாதெமிக்காகத் தன் சொத்தை அடமானம் வைத்தார். ஆசிரியர் சம்பளமும் கட்டடச் செலவும் அவர் தலையில் விழுந்தன. 1895இல் கடனாளியாகவே கண்ணை மூடினார். மறு ஆண்டு சபை அகாதெமியைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்தது. கடனும் அதோடு போயிற்று. நிர்வாக வரலாற்றில் திருப்புமுனை இந்த 1896தான். கடனை ஏற்றவர் கைக்குச் சாவியும் போனது. 1903இல் பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது.

கே (மதுரை): அறங்காவலர் குழுவில் யார் யார்? கல்வியாளர்களுக்கு இடமுண்டா?

ப: சபைத் தலைவரும் அவருடைய இரு ஆலோசகர்களும், பன்னிரு அப்போஸ்தலர்களில் சிலர், வேறு சில மூத்த தலைவர்கள், சபையின் பெண்கள் அமைப்பின் தலைவி, இளம்பெண்கள் அமைப்பின் தலைவி. கல்வியாளர் என்ற தகுதிக்காகத் தனி நாற்காலி கிடையாது. ஆனால் அப்போஸ்தலர்களிலேயே கல்வியாளர்கள் உண்டு. டாலின் ஓக்ஸ் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்தவர், 1971 முதல் 1980 வரை பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் தலைவர், பின்பு யூட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி, 1984இல் அப்போஸ்தலர், 2025 அக்டோபரில் சபைக்கே தலைவர். அன்றைக்கு அறிக்கை எடுத்துக்கொண்டு எந்தக் குழுவின் முன் போய் உட்கார்ந்தாரோ, அந்தக் குழுவுக்கு இன்று அவர் தலைமை தாங்குகிறார்.

கே (சேலம்): பல்கலைக்கழகத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது?

ப: இதே குழு. இப்போது இருப்பவர் ஷேன் ரீஸ், புள்ளியியல் பேராசிரியர், 2023 முதல்.

கே (ஈரோடு): கட்டணம் குறைவு என்று எழுதியிருந்தீர்கள். எப்படிக் கட்டுப்படியாகிறது?

ப: மார்மன்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பார்கள். தசமபாகம். அதிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பெரும் தொகை போகிறது. அதனால் சபை உறுப்பினரான இளநிலை மாணவருக்கு ஒரு செமஸ்டருக்கு மூவாயிரத்துச் சொச்சம் டாலர்தான். அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் இதைப்போல் பல மடங்கு கேட்பார்கள். உறுப்பினர் அல்லாதவருக்கு இரட்டிப்புக் கட்டணம். பாகுபாடு என்று உடனே கோபப்பட வேண்டாம். உறுப்பினர் வீட்டார் தசமபாகத்தின் வழியே ஏற்கெனவே தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டார்கள் என்பது சபையின் கணக்கு. அந்தக் கணக்கு எனக்கு நியாயமாகவே படுகிறது.

கே (திருச்சி): தாடி வைக்கக்கூடாதாமே? பிரிகம் யங் படத்தில் தாடி இருக்கிறதே!

ப: இருக்கிறது, நல்ல அடர்த்தியாகவே. 1960களில் தாடி என்றால் போராட்டக்காரன் என்று அமெரிக்கப் பெரியவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். விதி அந்த அச்சத்தில் பிறந்தது. காலம் மாறினால் விதியும் மாறலாம் என்று 1971இலேயே ஓக்ஸ் மாணவர்களிடம் பேசியிருக்கிறார். இன்னும் மாறவில்லை. தோல் நோய், மத நம்பிக்கை, நாடக வேடம் என்றால் மட்டும் அனுமதி உண்டு.

கே (தஞ்சாவூர்): காப்பிகூடக் கிடையாதா?

ப: காப்பி, டீ, மது, புகையிலை நான்கும் மார்மன்களுக்கு ஆகாது. கோலா பானம் மதத்தடையில் இல்லை. ஆனாலும் காஃபீன் கலந்த கோலா வளாகக் கடைகளுக்கு வந்தது 2017இல்தான்.

கே (கோயம்புத்தூர்): இந்த நன்னடத்தை விதிகளை மேலிருந்து திணித்தார்களா?

ப: நம்பமாட்டீர்கள், 1940களின் கடைசியில் தேர்வில் காப்பியடிப்பதை ஒழிக்க மாணவர்களே தொடங்கியது அது. பிறகு நிர்வாகத்தின் கைக்குப் போய், உடை, தலைமுடி, பாலுறவு, குடி என்று வளர்ந்தது. இப்போது ஒவ்வொரு மாணவரும் ஆண்டுதோறும் தன் பிஷப்பிடம் நற்சான்று வாங்கவேண்டும். பிற மதத்தவர் தம் மத குருவிடமோ உள்ளூர் மார்மன் பிஷப்பிடமோ வாங்கலாம்.

எனக்குப் பொறுக்காத இடம் ஒன்று இதில் உண்டு. இந்துவாகவோ முஸ்லிமாகவோ வந்து சேர்ந்தால் பட்டம் வாங்கிக்கொண்டு போகலாம். மார்மனாக வந்து, படிக்கும்போது மனம் மாறி, சபையை விட்டு முறைப்படி விலகினால் நற்சான்று கிடைக்காது, படிப்பு போய்விடும். இருபது வயதில் யோசிக்கத்தானே பல்கலைக்கழகத்துக்குப் போகிறோம்? யோசித்ததற்கு அபராதம் பாதிப் படிப்பா?

கே (விருதுநகர்): டார்வின் அங்கே நுழைய முடியுமா?

ப: நுழைந்தார், வெளியேற்றப்பட்டார், திரும்பி வந்து நிலையாக உட்கார்ந்துவிட்டார். பரிணாமமும் விவிலிய விமர்சன ஆய்வும் பற்றி வகுப்பில் பேசியதற்காக 1911இல் பேராசிரியர்கள் சிலர் போகவேண்டியதாயிற்று. மாணவர்கள் அவர்களுக்காகக் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். வெளியேறியவர்களில் ஒருவர் ரால்ஃப் சேம்பர்லின். ஹார்வர்டின் விலங்கியல் அருங்காட்சியகத்துக்குப் போய், பூரான், மரவட்டை, சிலந்தி ஆய்வில் உலகப் பெயர் எடுத்தார். இன்று பிரிகம் யங்கின் உயிரியல் துறையில் பரிணாமம் சாதாரணப் பாடம். மனிதத் தோற்றம் பற்றிய சபை அறிக்கைகளைத் தொகுத்து மாணவருக்குத் தர 1992இல் அறங்காவலர் குழுவே ஒப்புதல் கொடுத்தது. எண்பது ஆண்டு ஆயிற்று. சேம்பர்லினை இழந்தது யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், புரோவோவின் வகுப்பறைகளுக்குத்தான்.

கே (வேலூர்): மிகவும் சர்ச்சைக்குள்ளான தலைவர் யார்?

ப: எர்னஸ்ட் வில்கின்சன், வாஷிங்டன் வழக்கறிஞர். 1951இலிருந்து 1971 வரை இருபது ஆண்டு. ஐயாயிரம் மாணவரை இருபத்தைந்தாயிரமாக்கினார்; இன்றைய வளாகத்தின் பெரும்பகுதி அவர் எழுப்பியது. 1964இல் செனட் தேர்தலில் நின்று தோற்றார். 1966இல், சில பேராசிரியர்கள் வகுப்பில் என்ன அரசியல் பேசுகிறார்கள் என்று மாணவர்களை வைத்தே ஒற்றறிந்தது வெளியே வந்து நாறியது. கட்டியதற்கு நன்றி சொல்லலாம். ஆசிரியர் முன் உட்கார்ந்திருக்கும் மாணவனை ஒற்றனாக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கே (சென்னை): கறுப்பினத்தவரை ஒதுக்கிய சபை என்கிறார்களே?

ப: உண்மை. 1978 வரை கறுப்பின ஆண்களுக்குச் சபையில் ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டது. அதன் சூடு விளையாட்டு மைதானத்தில் தெரிந்தது. 1969 அக்டோபரில், பிரிகம் யங் அணியுடன் ஆடும் நாளில் கறுப்புப் பட்டை கட்ட அனுமதி கேட்டதற்காக வயோமிங் பல்கலைக்கழகத்தின் 14 கறுப்பின வீரர்களை அவர்களுடைய சொந்தப் பயிற்சியாளரே அணியைவிட்டு நீக்கினார். அடுத்த மாதம் ஸ்டான்ஃபோர்டு, இனி உங்களோடு ஆட மாட்டோம் என்று அறிவித்தது. எஞ்சிய அந்த வீரர்களும் சபையும் 2020இல் கைகோத்து ஏழைகளுக்கு உணவு வழங்கினார்கள். கை நீட்டிய அந்த முதியவர்களின் மனசு பெரிது.

கே (தூத்துக்குடி): ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி வந்தால்?

ப: ஆட மாட்டார்கள். தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு இதற்காகவே கூடைப்பந்து அட்டவணையை வியாழன், சனி என்று பார்த்துப் போட்டுக்கொடுக்கிறது. பணத்தையும் கோப்பையையும் விட ஓய்வுநாள் பெரிது என்று நிற்கும் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

கே (புதுச்சேரி): ஆசிரியர்களுக்குக் கருத்துச் சுதந்திரம் உண்டா?

ப: 1992இல் ஓர் ஆவணம் போட்டார்கள். தனி ஆசிரியருக்குச் சுதந்திரம் இருப்பதுபோல, தன் மத அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் சுதந்திரம் நிறுவனத்துக்கும் உண்டு என்பது அதன் சாரம். இரண்டும் மோதினால் எது வெல்லும் என்பது குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதிலேயே தெரிந்துவிடும். பணி நிரந்தரம் மறுக்கப்பட்ட ஆங்கிலப் பேராசிரியை ஒருவரின் விவகாரத்தை விசாரித்த அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், 1998இல் நிர்வாகத்தைக் கண்டிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. சபைப் பணத்தில் நடப்பதால் சபைக்குச் சொல்ல உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டிப்பவரும் மேல்முறையீடு கேட்பவரும் கடைசியில் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஆசிரியர் எங்கே போய் நிற்பார்?

கே (நாகர்கோவில்): என் மகளுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் மார்மன்கள் அல்ல. அனுப்பலாமா?

ப: படிப்பு நல்ல தரம், செலவு கைக்கு அடக்கம், வளாகத்தில் குடி, போதைத் தொல்லை குறைவு. மார்மன் மாணவர்கள் பலர் ஊழியத்துக்காக வெளிநாடு போய் வந்தவர்கள் என்பதால் எந்த மொழி பேசினாலும் பதில் சொல்ல ஆள் கிடைக்கும். பட்டத்துக்கு மதப் பாடங்களும் கட்டாயம், 14 கிரெடிட். அதை அவள் விரும்புவாளா என்று அவளிடமே கேளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிப் புகார் சொன்ன மாணவிகளையே, நன்னடத்தை விதியை மீறினாயா என்று நிர்வாகம் விசாரித்தது 2016இல் பெரும் கொந்தளிப்பானது. மாணவிகள் துணிந்து பெயரோடு பேசினார்கள். அதை வெளிக்கொண்டுவந்த சால்ட் லேக் ட்ரிப்யூன் நாளிதழுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. புகார் சொல்பவர் மீது விதிமீறல் நடவடிக்கை இல்லை என்ற உறுதி அதன்பின்தான் வந்தது. நன்னடத்தை விதிகளில் அந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே உங்கள் மகள் படித்து வைத்துக்கொள்ளட்டும்.