பெரியவுக குடை

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தையில், மண்டை பிளக்கும் வெயிலில், வளைந்த கைப்பிடி வைத்த கறுப்புக் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவர் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். மறைந்த தாத்தாவின் வழக்கத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட பேரப்பிள்ளை அவர். தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. எங்கள் தெருவுக்குக் கிடைத்தவரிடம் குடை இருக்கிறது.

"மழையே இல்லையே, எதுக்குக் குடை, காக்கா?" என்று கேட்டால் கேட்டவரைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார். "எங்க பெரியவுக குடை இல்லாம சந்தைக்கு வந்ததில்ல."

வந்ததில்லைதான். பெரியவர் ஆடு பிடிக்க ஆரம்பித்தது 1978 வாக்கில். அப்போது பெருநாள் நவம்பரில் வந்தது, ஐப்பசி அடைமழை. பிறைக்கணக்கில் வருஷத்துக்கு 354 நாள்தான் என்பதால் பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும்; ஒரு முழுச் சுற்றுக்கு 33 வருஷம் போல ஆகும். 2009-இல் மறுபடி நவம்பருக்கு வந்தது. அந்த இரண்டு மூன்று வருஷம்தான் குடை குடையாக வேலை பார்த்தது. 2025-இல் பெருநாள் ஜூன் 7. குடை மட்டும் ஐப்பசியிலேயே நிற்கிறது.

சரி, வெயிலுக்காவது விரிக்கலாமே? கூடாது. பெரியவுக சந்தைக்குள் குடையை விரித்ததில்லை, ஆடு மிரளுமாம்.

ஆடு தேர்ந்தெடுக்கும் படலம் தனி. முகத்தில் இரண்டு கோடு இழுத்த கன்னி ஆடு, நெட்டைக்கால் கொடி ஆடு, மேலெல்லாம் பொட்டு வைத்த வேம்பூர்ச் செம்மறி என்று எது நின்றாலும் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். குர்பானிக்கு வெள்ளாடு என்றால் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், குருடோ நொண்டியோ இருக்கக் கூடாது. ஆகவே பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த வாய்க்குள் இவருக்கு என்ன தெரிகிறது என்பது ஆட்டுக்கும் தெரியாது. பெரியவர் பல்லைப் பார்த்துவிட்டு "ம்" என்பாராம். இவரும் "ம்" என்கிறார். அதற்குள் யாபாரி, "பாய், இதையே பிடிங்க" என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்.

அடுத்து விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசும் பழைய முறைதான் இவருக்கு வேண்டும். தரகருக்கோ அவசரம். "சும்மா வாயால சொல்லுங்க பாய், கூட்டம் நிக்கி." கேட்பாரா? தோளில் கிடந்த துண்டை விரித்து மூடி, உள்ளே என்னத்தையோ பிடித்து, எதையோ விட்டு, கடைசியில் தரகர் காதில், "இப்ப நான் எவ்வளவு சொன்னேன்?" என்று கேட்கிறார். தரகர் பெரிய மனது பண்ணி ஒரு தொகை சொல்ல, ரகசியமாக முடிகிறது பேரம். பிறகு செல்போனை எடுத்துப் பணம் அனுப்புகிறார். யாபாரி கழுத்தில் தொங்குகிற பெட்டி, இருபத்தோராயிரம் ரூபாய் வந்து சேர்ந்ததாகச் சந்தைக்கே கூவி அறிவிக்கிறது.

அவர் முகத்தில் சலனமே இல்லை. பெட்டி பெரியவுக காலத்தில் கிடையாது; ஆகவே அது கத்தியது கணக்கில் வராது.

சந்தை வாசலில் குட்டியானை வண்டி நிற்கும். ஏற மாட்டார். ஆட்டை நடத்தியே வீட்டுக்குக் கூட்டிவருவார். பாளையங்கால்வாய்ப் பக்கம் வந்ததும் ஆடு உட்கார்ந்துவிடும். பெரியவுக ஆடும் அங்கேதான் உட்காருமாம்.

இந்த மார்க்கத்தில் சேராதவர் அந்த வீட்டில் ஒருவர்தான்: பெரியவரின் மனைவி. போன வருஷம் சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் பேரன் குடையைத் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது பாட்டியம்மா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"நம்ம வீட்டுக்கு ஏது குடை? மழைன்னு எதுத்த வீட்டுல இரவல் வாங்கிட்டுப் போனாவ. திருப்பிக் குடுக்க மறந்துட்டாவ."

கூடமே சிரித்தது. வழக்கம் அன்றோடு ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பேரன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இந்த வருஷம் பிறை தெரிந்த அன்றைக்கே குடையைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போய்க் கதவைத் தட்டி, "ஒரு குடை இரவல் கிடைக்குமா?" என்று முறையாகக் கேட்டு வாங்கினார். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.