இளஞ்சிவப்பு என்று எழுதினால் போதும்

மாத்தளைப் பிள்ளைகளைப் போல அதிசயப் பிறவிகள் வேறெங்கும் இல்லை. அளவியைக் கையால் தொடாமலே நியமிப்புச் செய்வார்கள். பினோத்தலீனைக் கண்ணால் காணாமலே, முடிவுப்புள்ளியில் நிறம் என்ன என்றால் “இளஞ்சிவப்பு” என்பார்கள். புள்ளியும் விழும். க.பொ.த. உயர்தர இரசாயனவியலின் முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம். இரண்டிலும் கைக்குள்ள வேலை பேனா பிடிப்பது மட்டும்தான். செய்முறைப் பரீட்சை கிடையாது. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் செய்முறைக்கென்றே ஒரு கைந்நூல் போட்டிருக்கிறது. அதையும் மனப்பாடம் செய்துவிட்டால் போயிற்று!

அப்படியானால் ஆய்வுகூடம் எதற்கு? திறந்து வைப்பதற்கு. கடந்த தசாப்தத்தில் 1,000 பாடசாலைகளுக்கு “மகிந்தோதய” ஆய்வுகூடங்கள் என்று ஒரு திட்டம் ஓடியது. அப்போது ஆண்ட ஜனாதிபதியின் பெயர் சுவரில் இருந்தால்தான் அமிலம் காரத்தோடு சேரும் என்ற அந்த அரிய கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு ஏன் இன்னும் வரவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

நாடா வெட்டியானதும் அலமாரி பூட்டப்படும். பூட்டுகிறவரைத் திட்டிப் பயனில்லை. ஒரு முகவை உடைந்தால் பொருட்பதிவேட்டுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், விளக்கக் கடிதம் எழுத வேண்டும். ஒரு தலைமுறை முழுவதும் முகவையைத் தொடாமலே பாடசாலையை விட்டுப் போனால் யாரும் யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.

எப்போதாவது பேராதனைப் பல்கலைக்கழகம் பாடசாலைக்கு எழுந்தருளும். பேராதனைக்கும் மாத்தளைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். ஆனால் வரவேற்பைப் பார்த்தால் சந்திரனிலிருந்து இறங்கியவர்கள் என்று தோன்றும். மங்கல விளக்கு, மாலை, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிந்து மிச்சமிருக்கும் அரை மணித்தியாலம் அவர்கள் கொண்டுவந்த கருவிக்கு. “தொடாமல் பாருங்க பிள்ளைகள்!” படம் எடுத்ததும் வேன் புறப்பட்டுவிடும். கருவியும் அதே வேனில்தான்.

பிரித்தானியாவில் அரச இரசாயனவியல் சங்கம் நிறமாலைமானிகளைப் பெட்டியில் கட்டிப் பாடசாலைகளுக்கு அனுப்பியது. மாதிரியை வைத்து வரைபை வாசித்தவர்கள் மாணவர்கள். அது பணக்கார நாடு என்பீர்கள். சரி, தென்னாபிரிக்காவின் விற்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணளவு உபகரணப் பொதி? குழிகள் உள்ள சிறு பிளாஸ்டிக் தட்டு, சொட்டுக் கணக்கில் இரசாயனம். யுனெஸ்கோ அதைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது. விலை குறைவு, உடையவும் உடையாது. விளக்கக் கடிதத்துக்கே வழியில்லாத ஒரு பொருளை நம் நிர்வாகம் எப்படி ஏற்கும்?

சிரித்தது போதும். இதே மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவவில் காரணம் முழுதாக விளங்காத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தின்கிறது. குடிநீரின் வன்மையும் புளோரைட்டும் ஆய்வாளர்களின் சந்தேகப் பட்டியலில் பல காலமாக இருக்கின்றன. நீரின் வன்மையை அளக்க ஓர் அளவியும் கொஞ்சம் இரசாயனமும் போதும். தன் வீட்டுக் கிணற்றை அளந்து பார்க்கக்கூடிய பிள்ளையை, வன்னீருக்கு வரைவிலக்கணம் எழுத வைத்திருக்கிறோம்.

எல்கடுவ, இரத்தோட்டைப் பக்கத் தோட்டப் பிள்ளைகளின் கதை இன்னும் கசப்பு. பல்கலைக்கழக அனுமதியில் 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் மாத்தளை இல்லை. நாம் முன்னேறிவிட்டோமாம்! லயத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளை, நகரத்து ரியூஷன் பிள்ளையோடு ஒரே மாவட்ட ஒதுக்கீட்டுக்குள் மல்லுக்கட்ட வேண்டும்.

பரீட்சைத் திணைக்களமே, செய்முறைக்குப் புள்ளி வை. அலமாரி தானாகத் திறக்கும். கல்வி அமைச்சே, உடைந்த கண்ணாடியைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடு. பல்கலைக்கழகத்தாரே, பேச்சாளர்களைக் குறைத்துக் கருவிகளை ஏற்றி வாருங்கள். ஒரு தவணைக்காவது விட்டுவிட்டுப் போங்கள். பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் வேறெதுவும் கேட்க வேண்டாம். ஆய்வுகூடச் சாவி யாரிடம், கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.