புதுக் குடித்தனமும் காப்பீட்டு அட்டையும்

கேள்வி: மகனுக்குக் கல்யாணமாகிவிட்டது. எங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே மருமகளையும் சேர்க்கலாமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: மருமகளுக்கு வீட்டில் இடம் உண்டு, இந்த அட்டையில்தான் இல்லை. அட்டை தரும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் சிகிச்சைக் காப்பீடு என்பது ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு. ஒரே சட்டியில் கிண்டிய களி மாதிரி. அப்பாவின் பெரிய அறுவைக்கு 3 லட்சம் அள்ளினால், அந்த ஆண்டு மற்ற எல்லோருக்குமாக மிச்சம் 2 லட்சம்தான். கல்யாணமான பிள்ளை இந்தக் கணக்கில் தனிக் குடும்பம். இருவர் பெயரையும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டுகளிலிருந்து நீக்கி, புது கார்டு வாங்கட்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று பெற்று, ஆதாரோடு தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்தால், அவர்களுக்கென்று தனிச் சட்டி, தனி 5 லட்சம். மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு அனுப்பிவையுங்கள் அம்மா!