வால்வும் வாட்டும்: பனமரத்துப்பட்டிக் குழாய்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே பாட்டு, ஒரே குழாய் ஸ்பீக்கர், அது தொங்கும் ஒரே புளியமரம். ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றினால் சத்தம் மாறுமா? மாறினால் அது மீட்டரில் தெரியுமா? இவ்வினாவுக்கு விடை காண, சேலத்துக்குத் தெற்கே, அரளிப் பூவுக்குப் பேர்போன பனமரத்துப்பட்டி ஆய்வுக்களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தேர்வுக்கான காரணம் முற்றிலும் அறிவியல் சார்ந்தது: அப்போது அங்கே மாரியம்மன் பண்டிகை.

இத்துறையில் இரண்டு சமயங்கள் உண்டு. "நம்மது ஆயிரம் வாட்டுங்க" என்போர் வாட்டுவாதிகள். இவர்கள் தரப்பு எளிதில் வீழ்கிறது. வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகப் பட வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட்டு வேண்டும். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தாலோ 6 டெசிபல் போய்விடும். ஆகவே புது ஆம்ப்ளிஃபயர் பெட்டி வாங்குவதைவிட, குழாய்ப் பக்கமாக நகர்ந்து உட்காருவது மலிவு.

கண்ணாடி வால்வு சிவந்து எரியும் பழைய பெட்டியில்தான் பாட்டு 'கணீர்'னு வரும் என்போர் வால்வுவாதிகள். இவர்களை அவ்வளவு லேசில் சாய்க்க முடியாது. 1985-இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கார்வர், 'ஸ்டீரியோஃபைல்' இதழாசிரியர்களிடம் சவால்விட்டு, விலையுயர்ந்த வால்வுப் பெட்டி ஒன்றின் சத்தத்தைத் தம்முடைய மலிவான டிரான்சிஸ்டர் பெட்டியில் வரவழைத்தார். இரண்டும் தருவதை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறக்குறைய மறையும்வரை திருத்திக்கொண்டே போனார். கடைசியில் அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆக, வால்வின் ஆன்மா அளக்கத்தக்கதே. ஆனால் விளம்பரத்தில் அச்சிடும் சிதைவு விழுக்காட்டை மட்டும் பார்த்தால் அகப்படாது. வால்வுப் பெட்டிக்குப் பொதுவாக வெளியீட்டு மின்மறுப்பு அதிகம். அதனால் ஸ்பீக்கரின் மறுப்பு எங்கே ஏறுகிறதோ அங்கே சத்தமும் கொஞ்சம் தூக்கலாக வரும். கணீரில் பாதி அங்கேதான் பிறக்கிறது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

மறுபாதி வால்யூம் திருகில் பிறக்கிறது. அரை டெசிபல் கூடியிருந்தால், காது அதைக் 'கூட' என்று சொல்லாது, 'நல்லாயிருக்கு' என்றே சொல்லும். இதை மைக்செட்காரரிடம் விளக்கியபோது, "நம்ம பொட்டின்னா கொஞ்சம் தூக்கித்தானுங்க வெப்போம்" என்றார். இத்துறையின் மொத்த இலக்கியமும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

எனவே மல்டிமீட்டர் வைத்து இரு பெட்டிகளின் அளவும் சமப்படுத்தப்பட்டது. பெட்டிகள் போர்வையால் மூடப்பட்டன. மூத்த வால்வுவாதி ஒருவர், ஓடுவது எந்தப் பெட்டி என்று ஒவ்வொரு முறையும் தவறாமல் சொன்னார். அவர் கை போர்வைமேல் இருந்ததை ஆய்வுக் குழு கவனிக்கச் சற்று நேரமாயிற்று. வால்வு கொதிக்குமல்லவா? உள்ளங்கையின் நுண்ணுணர்வு தனி ஆய்வுக்குரியது. பெட்டிகளை எட்டத் தள்ளி வைத்த பிறகு, டிரான்சிஸ்டரைக் கேட்டு, "இதுதானுங்க வால்வு, சந்தேகமே வேண்டாம்" என்றார். "கரண்ட்டு கம்மியா வருது மாமா, அதான்" என்று மருமகன் அவரைக் காப்பாற்றினான்.

குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூம்பு அடிக்குரலை விழுங்கிவிடும். தவிலின் தொப்பிப் பக்கம் அதற்குள் போனால் திரும்புவதில்லை. பெட்டியின் சிதைவு 0.1 விழுக்காடா 0.01 விழுக்காடா என்று சண்டை போடுகிறோம். அதைப்போலப் பல மடங்கை மரத்தின் மேலிருக்கும் குழாய் தன் பங்குக்குச் சேர்த்துத் தருகிறது.

அடுத்த சுற்று தொடங்கியபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். விடியுமுன் அரளி மொட்டுப் பறிக்கப் போக வேண்டிய யாரோ போன் போட்டுவிட்டார்கள். வந்த ஏட்டய்யாவிடம் டெசிபல் மீட்டர் இல்லை. குழு தன் மல்டிமீட்டரைப் பணிவுடன் நீட்டியது. "கேக்குதில்ல? அணைங்கய்யா" என்றார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது எது என்று குழுவுக்கே குழப்பம். ஸ்விட்சைத் தட்டினார்கள். பாட்டு சட்டென்று நிற்காமல், சில நொடி இழுத்துப் பாடி அடங்கியது. "வால்வு!" என்று வாட்டுவாதிகள் உட்பட எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றிரவு காதால் மட்டுமே பெறப்பட்ட சரியான விடை அது ஒன்றுதான்.