75 வாட் வீரர்

சம்பளம் போட்ட அடுத்த சனிக்கிழமை, கேஎல் சென்ட்ரலில் மோனோரயில் ஏறி இம்பியில் இறங்கும் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். முதுகுப் பை நெஞ்சுப் பக்கம் தொங்கும். உள்ளே பழைய துண்டில் சுற்றிய ஒரு கிராபிக்ஸ் கார்டு. போகிற இடம் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா. அங்கே அவர் பெரும்பாலும் எதையும் வாங்குவதில்லை. விலை கேட்பார், "ரவுண்டு அடிச்சிட்டு வர்றேன் பாஸ்" என்பார், ஒரு மாடி இறங்கி அதையே மறுபடி கேட்பார்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் தாமான்களிலும் இவர் புளோக்குக்கு ஒருவர் உண்டு. வருமானம் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே. கனவு மட்டும் 4கே.

தொடக்கம் எப்போதும் ஒன்றுதான்: ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய 6ஆம் தலைமுறை ஐ5 பெட்டி. அதன் பவர் சப்ளையில் கார்டுக்கென்று தனி வயர் கிடையாது. மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இதற்குச் சரியாகப் பொருந்தும். அதோடு நின்றிருந்தால் நிம்மதி.

நிற்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொள்ள, கார்டுகளை வைத்து அதைத் தோண்டும் தொழில் ஒரே நாளில் படுத்தது. மைனிங்கில் உழைத்துக் களைத்த ஆர்எக்ஸ் 580 கார்டுகள் முடா, கரோசெல் என்ற பழைய பொருள் விற்பனைத் தளங்களில் வந்து குவிந்தன. "மைனிங் பண்ணல பாஸ், லைட் யூஸ்தான்" என்று எல்லா விற்பனையாளரும் ஒரே குரலில் சொன்னார்கள். நம்மாள் விடுவாரா? எல்ஆர்டி ஸ்டேஷன் வாசலில் கைபேசி விளக்கைப் போட்டு ஸ்க்ரூவில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார், விசிறியை விரலால் சுழற்றுவார், கார்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். கிள்ளான் சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் பாட்டியின் பேரன் அல்லவா!

580 குடிப்பது 185 வாட். ஆகவே புது பவர் சப்ளை. அது பழைய பெட்டிக்குள் நுழையாது. ஆகவே புதுப் பெட்டி. அலுவலக போர்டின் பிளக் தனி ஜாதி. ஆகவே புது போர்டு. கார்டு மலிவாகக் கிடைத்ததற்கு இத்தனை தண்டம். கழற்றிய போர்டு, 1050 டிஐ சகிதம் கிள்ளானில் இருக்கும் சித்தி மகனுக்குப் போனது.

ஒரு விஷயத்தில் அவரை மெச்ச வேண்டும். தேர்ந்தெடுத்தது ஏஎம்4 போர்டு. 2017இல் முதல் ரைசன் ஏறிய அதே சாக்கெட்டில் 2022இன் ரைசன் 5 5600ஐயும் உட்கார வைக்கலாம், பயோசைப் புதுப்பித்தால் போதும். அந்தச் சில நிமிடங்கள் வீட்டில் யாரும் ரைஸ் குக்கரைக்கூடத் தட்டக்கூடாது என்பது உத்தரவு.

பணம் எங்கிருந்து? 2024 மே மாதம் இபிஎஃப் மூன்றாவது கணக்கைத் திறந்து, குறைந்தது 50 ரிங்கிட் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றது. முதுமைக்கு வைத்த காசு எஸ்எஸ்டி ஆனது. அம்மா கேட்டதற்கு, "55 வயசுல விளையாட கண்ணு தெரியுமாம்மா?"

அவருடைய கணக்கு வழக்கே தனி. வாங்கியது 300, பழசை விற்றது 180, ஆகச் செலவு 120. மோனோரயில் கட்டணமும் மாமாக் கடை தே தாரிக்கும் இந்தப் பேரேட்டில் ஏறாது. விளையாட்டு? வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை விசிறியில் படிந்ததைத் துடைத்து, வெப்பநிலை இரண்டு டிகிரி இறங்கியதைப் பார்த்து ரசிப்பதற்குள் மணி ஒன்றாகிவிடும்.

2025 நடுவில் மெமரியை 32 ஜிபி ஆக்கலாம் என்று, இருந்த இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 குச்சிகளையும் சித்தி மகனுக்கே சொந்தக்கார விலையில் தள்ளிவிட்டார். புதுசை 12.12 மலிவு விற்பனையில் வாங்குவதாகத் திட்டம். அதற்குள் ஏஐ சர்வர்கள் மெமரியை வாரிச் சுருட்ட, விலை எகிறியது. டிசம்பரில் மெமரி தயாரிக்கும் மைக்ரான் தன் குருஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கிலோ முறுக்கோடு கொமுட்டர் ஏறிக் கிள்ளான் போனார். சித்தி மகன் முறுக்கை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"லைட் யூஸ்தான் அண்ணே. ஆனா அடிமாட்டு விலைக்குக் கேக்காதீங்க."