கையை ஆட்டாமல் பேசுங்கள், டாக்டர்!

"சைகை மொழி பழக்காதீங்கம்மா, அப்புறம் பிள்ளைக்குப் பேச்சே வராது" என்று காதுகேளாத குழந்தையின் அம்மாவிடம் கையை ஆட்டி ஆட்டி அறிவுரை சொல்கிற நிபுணர்கள் இன்னும் உண்டு. அந்தக் கைகளைக் கட்டிப்போட்டால் அவர்களுக்கே பாதிப் பேச்சு நின்றுவிடும்.

இந்த ஞானம் 1880 மிலான் மாநாட்டில் முத்திரை குத்தப்பட்ட சரக்கு. ஏறக்குறைய எல்லாருமே காதுகேட்கிறவர்களாகக் கூடி, காதுகேளாதோர் பள்ளியில் சைகை மொழி கூடாதென்று ஓட்டுப் போட்டார்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அதற்கு வருத்தம் தெரிவித்தது. 130 வருஷம்தான், அவசரப்படவில்லை.

காதொலிக் கருவியோ காக்ளியர் இம்ப்ளான்ட்டோ, தாராளமாகப் பொருத்துங்கள். கூடவே அம்மா அப்பாவுக்குச் சைகை வகுப்பு ஒன்று, பேசிப் பழகக் காதுகேளாத பெரியவர் ஒருவர் என்றும் எழுதிக்கொடுக்கலாம். இவை மருந்துக்கடையில் கிடைக்காது; அதனால்தானோ என்னவோ, சீட்டில் இடம் பிடிப்பதில்லை.